கோடு பொய் சொல்லலாமா?

மனிதன் கோடு கிழிப்பதில் பிரியமுள்ளவன். வயலுக்கு வரப்பு, வீட்டுக்கு வேலி, ஊருக்கு எல்லைக் கல், நாட்டுக்குச் சோதனைச் சாவடி என்று அவன் கிழித்த கோடுகள் எண்ணிறந்தன. இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று தெரிந்துகொள்ளக் கோடு உதவுகிறது. அதனால் வழக்குக் குறைவதும் உண்டு. அதனாலேயே வழக்குப் பெருகுவதும் உண்டு. ஆயினும், கோடு நல்லதா கெட்டதா என்பதல்ல இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். ஒரு காலத்தில், ஓர் இடத்தில், கோடு என்பதே இருந்ததில்லை என்று நன்றாகத் தெரிந்திருந்தும், படம் முழுமையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக அங்கே ஒரு கோடு கிழிப்பது முறையாகுமா என்பதே கேள்வி.

இக்கேள்வி, பழைய இராச்சியங்களின் எல்லைகளைக் கணினியில் வரைந்துவரும் சரித்திரக்காரர்களைப் பற்றியது. “அது படித்த பெரியவர்களின் பாடு, தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்துப் பிழைக்கும் நமக்கு அதில் என்ன?” என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நமக்கு அதில் நிரம்ப உண்டு என்பதே நமது துணிபு. அப்படித் துணிவதற்குக் காரணம், நமது சொந்த உத்தியோகத்தில் நாமே செய்த ஒரு தவறு. அதை இறுதியில் ஒளிக்காமல் கூறுவோம். முதலில் விஷயத்தை அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்ப்போம்.

முற்காலத்தில் தேசப்படம் எழுதுவோர் மையும் தூரிகையும் கொண்டு எழுதினர். ஓர் அரசனுடைய ஆணை எதுவரை சென்றது என்று திட்டமாகத் தெரியாத இடத்தில், வர்ணத்தைச் சிறிது சிறிதாக நீர்க்கவிட்டு வெள்ளைத் தாளோடு கலந்துவிடச் செய்வது அவர்களுக்கு இயலும். “இங்கே ஐயம் இருக்கிறது” என்பது பார்ப்பவனுக்குக் கண்ணாலேயே விளங்கிவிடும். கணினியின் வழி வேறு. புவியியல் தகவல் முறைமை என்று கூறப்படும் ஏற்பாட்டில், நிலத்திலுள்ள பொருள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே பதியப்படுகிறது: புள்ளி, கோடு, பரப்பு. ஊர் என்றால் புள்ளி. ஆறு என்றால் கோடு. நாடு என்றால் பரப்பு. பரப்பு என்று சொல்லிவிட்டால், அதன் ஓரம் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்து மூடிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் திறந்து விட்டால் இயந்திரம் அதைப் பரப்பு என்று ஏற்பதில்லை. அதனோடு, இஃது எந்த ஆண்டில் தொடங்கியது, எந்த ஆண்டில் முடிந்தது என்று இரண்டு எண்களையும் நிரப்பச் சொல்கிறது.

இம்முறையின் பயனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நூறு கல்வெட்டுகளில் சிதறிக் கிடக்கும் ஊர்ப்பெயர்களை ஒரே திரையில் கொண்டுவந்து வைக்கிறது. கப்பல் எந்தக் கரையைத் தொட்டது, வணிகர் எந்த ஆற்றில் ஏறினர் என்பதை மலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றோடு சேர்த்துக் காண வைக்கிறது. காலத்தைக் காட்டும் கட்டையை விரலால் நகர்த்தினால், ஆயிரம் ஆண்டுகள் கண்முன் ஓடுகின்றன. இராச்சியங்கள் வீங்குகின்றன; சுருங்குகின்றன; மறைகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அழகு வேறு, உண்மை வேறு என்பதைப் பகுத்தறிவுள்ளவர் மறக்கலாகாது. நிரப்பாத கட்டத்தை இயந்திரம் வெறுக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது மனிதனுக்கு அழகு. இயந்திரத்துக்கு அது குறை.

இதற்கு ஓர் உதாரணம் வேண்டுமானால், நாம் வாழும் இந்தக் கடற்பிரதேசத்தையே எடுத்துக்கொள்ளலாம். சுமத்திராவில் பலெம்பாங் நகரை நடுவிடமாகக் கொண்டு விளங்கிய ஸ்ரீவிஜயம் என்ற அரசை இன்று பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். ஆனால் 1918-ஆம் ஆண்டில் ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் எடுத்துரைக்கும் வரையில், ஸ்ரீவிஜயம் என்பது ஓர் இராச்சியத்தின் பெயர் என்பதே தெளிவாக இல்லை. அது யாரோ ஒரு மன்னனுடைய பெயர் என்று கல்வெட்டைப் படித்தவர்களும் இருந்தனர். பெயரே மறந்துபோயிருந்த அந்த அரசுக்கு, இன்று சரித்திரப் புத்தகங்களிலும் கணினிப் படங்களிலும் கடலையும் கரையையும் சேர்த்து வளைத்த ஓர் எல்லைக் கோடு காணப்படுகிறது. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது?

அந்த அரசு விட்டுப்போன கல்வெட்டுகளில் அது இல்லை. பங்கா தீவில் கோத்தா கப்பூர் என்ற இடத்தில் 686-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல் ஒன்று கிடைத்தது. பலெம்பாங் அருகில் தெலாகா பத்து என்ற இடத்தில் இன்னொன்று கிடைத்தது. பின்னதன் தலையில் ஏழு நாகப் படங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்துகளுக்குக் கீழே நீர் வழிந்து விழ ஒரு தூம்பு இருக்கிறது. கல்லின்மேல் நீரை ஊற்றி, வழிந்த நீரைக் குடித்து, “அரசனுக்குத் துரோகம் எண்ணினால் இந்நீர் என்னைக் கொல்லட்டும்” என்ற கருத்தில் சபதம் செய்வித்தனர் என்று ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர். சபதத்துக்கு உட்பட்டவர் யார் யார் என்ற நீண்ட பட்டியலும் அக்கல்லில் உண்டு. அரசகுமாரர், படைத்தலைவர், கப்பல் தலைவர், வணிகர், அரண்மனை வண்ணார் ஆகியோரோடு கணக்கெழுதுவோரும் அதில் இருக்கின்றனர். கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு இதைப் படிக்கும்போது சிறிது உடல் சிலிர்க்கவே செய்தது.

இதிலிருந்து விளங்குவது யாது? அவ்வரசு தன் ஆளுகையை நிலத்தின்மேல் கோடாகப் பதிக்கவில்லை. மனிதர்களுடைய வாயிலும் வயிற்றிலும் சபதமாகப் பதித்தது என்பதேயாகும். நிலம் ஏராளமாகவும் மக்கள் சொற்பமாகவும் இருந்த காலம் அது. காட்டை ஆண்டு பயன் என்ன? ஆட்கள் வேண்டும்; கப்பல்கள் வந்து ஒதுங்கும் துறைகள் வேண்டும்; அத்துறைகளின் தலைவர்கள் சொன்ன சொல் தவறாமல் இருக்க வேண்டும். தலைவன் விசுவாசமாக இருக்கும் வரையில் அத்துறை அரசனுடையது. மனம் மாறினால் அன்றே அது வேறு.

இத்தகைய அரசுமுறையை ‘மண்டலம்’ என்ற நம் பழைய சொல்லாலேயே ஓ. டபிள்யூ. வால்ட்டர்ஸ் என்ற சரித்திர ஆசிரியர் 1982-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். இலங்கைத் தமிழரான ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா, வானத்து விண்மீன் கூட்டத்தை உவமையாகக் கொண்டு இதையே விளக்கினார். நடுவில் ஒளி மிகுதி. விலக விலகக் குறைவு. ஒன்றின் ஒளி முடியும் முன்பே மற்றொன்றின் ஒளி தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவன் இருவருக்கும் வணக்கம் செலுத்துவான். கம்போஜ மன்னர்கள் சயாமுக்கும் வியட்நாமுக்கும் ஒருங்கே திறை அனுப்பிய காலம் உண்டு. நமது கெடா சுல்தான்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த மரங்களைச் சயாமுக்கு அனுப்பிவந்தனர். ‘பூங்கா மாஸ்’ என்ற அந்தப் பொன்மலர், சயாமின் கண்ணுக்கு அடிமைச் சின்னம்; கெடாவின் கண்ணுக்கு அது நட்பின் அடையாளம். ஒரே பொருளுக்கு இரண்டு பொருள் இருந்தது. அதை எந்த வர்ணத்தால் தீட்டுவது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் பர்மாவின் தென்கரையைக் கைப்பற்றிய பின், “உங்களுக்கும் எங்களுக்கும் எல்லைக் கோடு எங்கே?” என்று சயாம் அரசைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். அரசவைக்கு அக்கேள்வியே புதிராக இருந்தது. அந்தப் பக்கத்தில் நெடுநாளாகக் குடியிருக்கும் முதியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவர்கள் பதில் கூறிய செய்தியைத் தொங்சாய் வினிச்சக்குல் என்ற தாய்லாந்து அறிஞர் 1994-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டுகிறார். கேட்டவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றியிருக்கலாம். நமக்கோ இது மிகுந்த விவேகமுள்ள பதிலாகவே தோன்றுகிறது. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

நிற்க. “அப்படியாயின் பழங்காலத்தவருக்கு எல்லை வகுக்கவே தெரியாதா?” என்று ஒருவர் கேட்கலாம். நன்றாகத் தெரியும். இதோ சாட்சி. அதே ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுந்தது. அவ்விகாரத்துக்கு முதலாம் இராஜராஜ சோழன், தனது 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஏடுகள் இதைக் கூறுகின்றன. அந்த ஊரின் நான்கெல்லையும் எப்படி நிச்சயிக்கப்பட்டன தெரியுமா? பெண் யானை ஒன்றை ஊரைச் சுற்றி நடத்தி, அது நடந்த வழியே எல்லையாகக் கொள்ளப்பட்டது. வாய்க்கால் எது, மேடு எது, எந்த ஊருக்கு எந்தத் திசை என்று வரி வரியாக ஏட்டில் வெட்டி வைத்தனர்.

பாருங்கள்! நாகப்பட்டினத்துக்கருகே ஓர் ஊரின் நெல் வருவாயைப் பெற்ற அரசனுக்கு, அந்த ஊரின் எல்லை அடிக்கு அடி தெரியும். அவனுடைய சொந்த இராச்சியத்தின் எல்லையோ நமக்குத் தெரியவில்லை. காரணம் வெளிப்படை. நெல்லைப் பங்கிட எல்லை வேண்டும், ஆகவே வகுத்தார்கள். விசுவாசத்தைப் பங்கிட எல்லை தேவைப்படவில்லை, ஆகவே வகுக்கவில்லை. அவர்கள் வகுத்ததை இன்று கணினியில் கூடியவரை சரியாக வரைவது நமது கடமை. அவர்கள் வகுக்காததை வகுத்ததாக வரைவது, அவர்கள் பெயரால் நாம் கள்ளக் கையெழுத்துப் போடுவதாகும்.

இனி நம்மவர் விஷயத்துக்கு வருவோம். முதலாம் இராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல்கடந்து படை அனுப்பியதை அறியாத தமிழர் இல்லை. தஞ்சைக் கல்வெட்டில் அப்படையெடுப்பில் பதின்மூன்று இடங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கடாரம் கெடா என்றும், இலங்காசோகம் பட்டாணிப் பக்கத்து லங்காசுகம் என்றும், மாதமாலிங்கம் இன்றைய நக்கோன் சி தம்மராட் பகுதி என்றும், இலாமுரிதேசம் ஆச்சேயின் வடமுனை என்றும், மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள் என்றும் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கின்றனர். மாயிருடிங்கம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு போன்றவை எங்கே என்பதில் அறிஞர்க்குள் ஒற்றுமை இல்லை. கல்வெட்டு சொல்வது இவ்வளவே: இன்ன இன்ன இடங்களைக் கொண்டான் என்பது. அதுவும் அரசனைப் புகழ்வதற்கென்றே அமைந்த மெய்க்கீர்த்தி. அங்கெல்லாம் சோழ அதிகாரிகள் அமர்ந்து நிலையாக வரி தண்டி ஆண்டதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை.

ஆனால் நமது கைப்பேசிகளில் நாள்தோறும் வந்து விழும் படங்கள் என்ன சொல்கின்றன? மாலத்தீவு முதல் சுமத்திரா வரை, மலாய்த் தீபகற்பம் முழுவதையும் விழுங்கி, ஒரே சிவப்பு வர்ணம் தீட்டியிருக்கிறது. எங்கோ இருக்கிறது என்பதே நிச்சயமில்லாத ஊர்களும் அந்தச் சிவப்புக்குள் அடக்கம். கல்வெட்டை எழுதிய அரசவைப் புலவனுக்கே வராத துணிவு, படம் வரைந்த நம் தம்பிக்கு வந்துவிட்டது! இப்படம் நமக்குக் கொடுக்கும் மகிழ்ச்சியை நாமும் அறிவோம். கூலி என்று அழைக்கப்பட்ட பாட்டன்மாருடைய பேரர்களுக்கு, ஒரு காலத்தில் நம்மவர் இங்கே கொடி நாட்டினர் என்று காண்பது கள்ளுண்ட மயக்கம் போல இருக்கிறது. ஆனால் மயக்கம் மரியாதையாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசன் துறைமுகங்களைத் தாக்கினான் என்பதால், இன்று நமது பிள்ளையின் சம்பளம் ஒரு காசும் உயராது. படிப்பு ஒரு வகுப்பும் ஏறாது. இந்தக் குற்றம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. எல்லாச் சாதியாரும், எல்லாத் தேசத்தாரும், தத்தம் முன்னோர் எந்த ஆண்டில் மிகப் பெருத்திருந்தனரோ அந்த ஆண்டின் படத்தையே சுவரில் மாட்டுகின்றனர். இளைத்த ஆண்டின் படத்தை மாட்டியவர் யாரும் இல்லை.

அன்றியும், கணினிக்கு ஊட்டப்படும் பழைய சான்றுகளே அதன் அளவுக்கு அடங்குவதில்லை. சீனத் தளபதி செங் ஹோவின் கடல்வழிகளைக் காட்டும் மாவ் குன் படம், 17-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட போர்நூல் ஒன்றில் இருக்கிறது. மலாக்காவும் தெமாசெக்கும் அதில் உண்டு. ஆனால் அது மைல் கணக்கில் எழுதிய படம் அன்று. கரை முழுவதும் நீண்ட சுருளாக ஓட, “இந்தத் திசைகாட்டி முனையில் இத்தனை சாமம் செல்க” என்று மாலுமிக்கு வழி சொல்வது. அதை இன்றைய நிலப்படத்தின்மேல் பொருத்த முயன்றால், இரப்பர்த் துண்டைப் போல இழுத்துக் கிழிக்க வேண்டியதாகும். நிலமும் அப்படியே இருந்துவிடவில்லை. கெடாவில் ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில்கள் எழுந்த காலத்தில் கடல் இன்னும் உள்ளே இருந்தது; பின்னர் ஆற்று வண்டல் படிந்து கரை விலகியது. துணைக்கோள் எடுத்த இன்றைய கரையின்மேல் அன்றைய துறைமுகத்தை வைத்தால், கப்பல் வயலில் நிற்கும்.

இவையெல்லாம் வெறும் ஏட்டுச் சண்டையாக இருந்தால் நாமும் விட்டுவிடலாம். ஆனால் வரைந்த கோடு தாளிலேயே தங்கிவிடுவதில்லை. ஜொகூர்–ரியாவ் இராச்சியத்தின் நடுவே 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஐரோப்பாவில் அமர்ந்து ஓர் ஒப்பந்தத்தால் பிரிவினை செய்தனர். 1909-இல் ஆங்கிலேயரும் சயாமியரும் செய்த ஒப்பந்தத்தால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஒரு பக்கமும், பட்டாணி, செத்தூல் மறு பக்கமும் ஆயின. அண்ணன் ஒரு தேசத்தான், தம்பி ஒரு தேசத்தான் என்று ஆன குடும்பங்கள் எத்தனை! பிரேயா விஹார் கோயில் வழக்கில், நீர்ப்பிரிமுகடே எல்லை என்று 1904 ஒப்பந்தம் கூறியிருந்தும், பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த படத்தைச் சயாம் நெடுங்காலம் மறுக்காமல் இருந்துவிட்டது என்ற காரணத்தால் 1962-இல் உலக நீதிமன்றம் கோயிலைக் கம்போஜத்துக்குத் தீர்ப்பளித்தது. அவ்வெல்லையின் பேரால் 2025 ஜூலையில் இரு நாட்டாரும் ஐந்து நாட்கள் குண்டு வீசிக்கொண்டனர். உயிர்கள் மாண்டன, இலட்சக்கணக்கானோர் வீடு விட்டு ஓடினர். அச்சண்டையை நிறுத்தும் பேச்சு நமது புத்ராஜெயாவில் நடந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. பத்து பூத்தே என்றும் பெத்ரா பிராங்கா என்றும் வழங்கும் பாறைத்தீவு பற்றிய மலேசிய – சிங்கப்பூர் வழக்கில் 2008-இல் தீர்ப்பு வந்தது. பிற்கால நடவடிக்கைகளைக் கொண்டு தீவு சிங்கப்பூருக்கு என்று முடிந்தது. ஆனால் ஆதியில் அது ஜொகூர் சுல்தானுக்கு உரியதாக இருந்தது என்பதற்கு நீதிமன்றம் எதை ஆதாரமாகக் கொண்டது? அக்கடலில் திரிந்த ஒராங் லாவுட் மக்கள் சுல்தானிடம் வைத்திருந்த விசுவாசத்தையும் ஓர் ஆதாரமாகக் கொண்டது. கோடு இல்லாத ஆளுகையும் ஆளுகையே என்று கறுப்பங்கி அணிந்த நீதிபதிகளும் ஒப்புக்கொண்டனர். கணினி ஒப்புக்கொள்ளலாகாதா?

“எல்லாம் சரி, படமே வேண்டாம் என்கிறீர்களா? ஏதோ ஒரு கோடு இருந்தால்தானே பிள்ளைகளுக்குப் பாடம் விளங்கும்?” என்று ஓர் ஆசிரியர் நம்மைக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். படம் வேண்டாம் என்பது நமது கட்சி அன்று. தெரிந்த அளவுக்குப் படம் வேண்டும் என்பதே. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் பழமொழி. சீனத்தின் பழைய ஆட்சிப் பிரிவுகளைக் கணினியில் பதிக்க ஹார்வர்டு, ஃபூதான் பல்கலைக்கழகத்தார் 2001-இல் தொடங்கிய முயற்சியில், எல்லை தெரியாத பல வட்டங்களை அவற்றின் தலைமை ஊரைக் குறிக்கும் புள்ளியாகவே பதித்தனர். கிரேக்க, ரோம உலகத்து ஊர்களைத் தொகுக்கும் பிளயடீஸ் என்ற அகராதியில், இடம் இன்னதென்று தெரியாத ஊருக்கும் பெயர் உண்டு, பதிவு உண்டு. இருக்குமிடம் மட்டும் காலியாக விடப்படும். தெரிந்த இடத்துக்கும் அது நிச்சயமா, ஐயமா என்று குறிப்பு உண்டு. ஆகவே இயந்திரத்துக்கு அடக்கத்தைக் கற்பிக்க முடியும். கற்பிக்க மனம் இருக்க வேண்டும்.

படம் வரைவோருக்கு மூன்று கடமைகள் உள்ளன என்று கொள்வோம். சான்றுள்ள இடத்தைப் புள்ளியாகவும், ஓர் இடத்துக்கும் மற்றோர் இடத்துக்கும் இருந்த உறவை, அது திறையோ சபதமோ வணிகமோ, அதன் பெயரோடும் காட்டுதல் ஒன்று. யார் சொன்னது, எந்த ஆண்டுச் சான்று, எவ்வளவு நிச்சயம் என்பதைப் படத்தை விட்டுப் பிரியாதபடி எழுதுதல் இரண்டு. வெறுமையை வெறுமையாகவே விடுதல் மூன்று. மூன்றாவதே மிகக் கடினம் என்பதை நாம் அனுபவத்தில் கண்டோம். இனி, முன்பு வாக்களித்தபடி அந்தச் சம்பவத்தைக் கூறுகிறோம்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக உத்தியோகம் பார்த்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மறுநடவு தொடங்குமுன் தோட்டத்தின் பழைய படங்களையெல்லாம் கணினியில் ஏற்றும்படி உத்தரவு வந்தது. துணி ஒட்டிய பழைய படம் ஒன்றில், ஆற்றோரமாக, பென்சிலால் இலேசாக நிழல் போட்டு, ஆங்கிலத்தில் ‘புதைகுழிகள்’ என்று ஒரு சொல் எழுதியிருந்தது. சுற்றிலும் கோடு இல்லை. ஏக்கர் கணக்கும் இல்லை. பால்மரக் காலத்தில் மாண்ட நம் சனங்களின் இடுகாடு அது. அதைத் தனிப் பரப்பாகப் போடக் கணினி ஓரம் கேட்டது. ஓரம் நமக்குத் தெரியவில்லை. தெரியாமல் போட்டால் மற்ற நம்பர்களின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துவராது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. தவணை நாள் நெருங்கிற்று. அந்த நிழலை விட்டுவிட்டு, 14-ஆம் நம்பர் காட்டின் கோட்டினை ஆறு வரையில் இழுத்து மூடினோம். கூட்டுத்தொகை சரியாக வந்தது. படம் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டும் கிடைத்தது.

மறு ஆண்டு மண்வாரி இயந்திரங்கள் வந்தன. ஓட்டியவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர். கையில் நாம் வரைந்த படம். அதில் இடுகாடு இல்லை. ஆகவே அவர்கள் கண்ணுக்கும் இல்லை. மூன்று வரிசைக் குழிகள் புரட்டப்பட்ட பிறகுதான், பட்டணத்திலிருந்து ஆண்டுப் படையலுக்கு வந்த ஒரு மூதாட்டி ஓடிவந்து ஆபீஸ் வாசலில் நின்றார். அவர் நம்மைத் திட்டவில்லை. மேசைமேல் இருந்த திரையைக் காட்டி, “கிராணி ஐயா, உங்க படத்தில் என் அப்பா எங்கே படுத்திருக்கார்?” என்று கேட்டார். நாம் பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலத்தில் படித்திருந்தும், அந்தக் கேள்விக்கு எந்தப் பாஷையிலும் பதில் வரவில்லை.

வேலை நிறுத்தப்பட்டது. தோட்டத்தை விட்டுப் போய்விட்ட பழைய குடும்பங்களுக்குச் சொல்லி அனுப்பினோம். எண்பது கடந்த முதியவர் ஒருவரும், இன்னும் மூவரும் வந்தனர். அவர்கள் கைத்தடி ஊன்றி நடக்க, நாம் பின்னால் நடந்து ஒவ்வோரிடத்திலும் குச்சி நட்டோம். கிழக்கு ஓரத்தில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபட்டது. ஒருவர் ஓடை என்றார், மற்றவர் அதற்கு அப்பால் என்றார். ஆனைமங்கலத்துப் பெண் யானையும், சயாம் அரசவையின் பதிலும் அன்றுதான் நமக்கு முழுவதும் விளங்கின. இப்போது அந்தப் படத்தில் இடுகாடு இருக்கிறது. மூன்று ஓரம் நேர்கோடு. கிழக்கு ஓரம் விட்டு விட்டுப் போட்ட புள்ளிக்கோடு. “முதியவர்கள் நடந்து காட்டியது, கிழக்கு ஓரம் நிச்சயமில்லை” என்று குறிப்பும் இருக்கிறது. கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. ஒத்துவரவில்லை என்றே எழுதி வைத்திருக்கிறோம். புரண்டுபோன மூன்று வரிசை புரண்டதுதான். அதை எந்தக் குறிப்பும் மீட்காது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இராச்சியத்துக்கும் ஒரு தோட்டத்து இடுகாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். இரண்டிலும் குற்றம் ஒன்றே. தெரியாத ஓரத்தைத் தெரிந்தது போல மூடினோம்; மூடியதும் பார்ப்பவர் அனைவரும் நம்பினர்; நம்பியவர் கையில் மண்வாரி இருந்தது. சோழர் படத்தைச் சிவக்கத் தீட்டும் தம்பியின் கையில் இன்று மண்வாரி இல்லாமல் இருக்கலாம். நாளை அதைப் பார்த்து வளரும் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இது. பழைய எல்லைகளைக் காட்டும் படம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அது நமக்குப் பெருமை தருவதாக இருந்தாலும், பிறருக்குப் பெருமை தருவதாக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை வரைந்தவர் யார்? எந்தச் சான்றைக் கொண்டு வரைந்தார்? தமக்குத் தெரியாததை எந்த இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத படத்தை நம்பாதீர்கள். பிறருக்கு அனுப்பவும் செய்யாதீர்கள். கணினி கற்கும் நம் இளைஞர்களுக்கும் இதையே சொல்வோம். இயந்திரம் கட்டத்தை நிரப்பச் சொல்லும். மேலதிகாரி தவணையைச் சொல்வார். கையெழுத்து மட்டும் உங்களுடையது. தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதும் தைரியம் உங்களுக்கு இருக்கட்டும்.